நனைய வேண்டிய மரம்

எங்கள் சபையில் மன்னிப்பைப் பற்றி வருடத்துக்கு நான்கு பிரசங்கங்களாவது வரும். எல்லாவற்றையும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். சிலவற்றுக்குக் குறிப்பும் எடுத்திருக்கிறேன். இருந்தும், ஒருவரை மட்டும் மன்னிப்பதில்லை என்று ஐம்பத்திரண்டாவது வயதில் முடிவெடுத்தேன். அவர் என் மேலதிகாரி. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு தனியார் அறக்கட்டளை நடத்தும் சின்ன அருங்காட்சியகத்தின் இயக்குநர். நான் அங்கே பதிவாளர். உள்ளே வரும் ஒவ்வொரு பொருளுக்கும் எண் போட்டு, எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தது, எத்தனை விரிசல், எவ்வளவு எடை என்று பேரேட்டில் எழுதுவது என் வேலை. அவரிடமிருந்து ஒரு மரத்துண்டைப் பறித்து, அது வெயிலிலும் பனியிலும் கிடந்து மக்குவதை அவர் உயிரோடு இருக்கும்போதே அவருக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்பது என் ஆசை. அது நிறைவேறிய கதை இது.

அருங்காட்சியகம் என்றதும் பெரிய சிவப்புக் கட்டடத்தை நினைக்க வேண்டாம். பம்மலில் தோல் பதனிட்டு ஏற்றுமதி செய்த ஒரு முதலாளி, வியாபாரத்துக்காக அமெரிக்கா போன போதெல்லாம் கண்ணில் பட்டதை வாங்கி வந்தார். வீட்டில் இடமில்லை என்று மனைவி கையை விரித்ததும், மூன்று அறை கட்டி, அறக்கட்டளையாகப் பதிந்து, பலகை மாட்டிவிட்டார். ஜப்பானிய விசிறிகள், ஆப்பிரிக்க முகமூடிகள், ஓடாத ஒரு சுவிஸ் கடிகாரம். அவற்றோடு, முழங்கால் உயரத்தில், வெயிலும் மழையும் தின்று வெளிறிப்போன ஒரு மரம். மனிதக் கை செதுக்கியது. அது எப்படி இருக்கும் என்று நான் வர்ணிக்கப் போவதில்லை. வர்ணிக்க வேண்டாம் என்பது அதன் சொந்தக்காரர்களின் விருப்பம். இயக்குநர் என்னை எத்தனையோ விஷயங்களில் அலட்சியம் என்று எழுதியிருக்கிறார். இதில் நான் ஒழுங்காக இருக்க விரும்புகிறேன்.

அந்த மரம்தான் இயக்குநரின் உயிர். பள்ளிப் பிள்ளைகள் வந்தாலும் அமைச்சர் வந்தாலும் நேராக அதனிடம்தான் அழைத்துப் போவார். 'போர்த் தெய்வம்' என்று தாமே பெயர்ப்பலகை எழுதி வைத்தார். நாப்தலீன் உருண்டைகளை அதைச் சுற்றிக் கோலம் போல அடுக்குவார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆளிவிதை எண்ணெய், வருடத்துக்கு ஒரு முறை பூச்சிமருந்து. என்ன மருந்து, எத்தனை மில்லி, என்ன தேதி என்று ஒவ்வொன்றையும் நான் எழுதி வைத்தேன். அப்போது அது பழக்கம்.

எங்கள் அட்டெண்டர் பம்மல்காரர். ஆயுதபூஜைக்கு எல்லாப் பொருளையும் இறக்கித் துடைத்துத் திரும்ப வைப்பது அவர் பொறுப்பு. ஒரு வருடம் அந்த மரத்துக்கு ஒரு சந்தனப் பொட்டு வைத்து, முன்னால் ஒரு பிடி பொரியும் வைத்துவிட்டார். இயக்குநர் குதித்தார்.

"மியூசியத்தையே கோயிலாக்கிட்டியாய்யா?"

"சாமின்னு நீங்கதான சார் போர்டு வச்சிக்கிறீங்க. சாமிக்கு ஒரு பொட்டு வெச்சா இன்னா?"

"அது எக்ஸிபிட்யா! அதுக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்?"

"ரெண்டு பேரும் வெளியூர்ல வந்து மாட்டிகினுக்கீறோம், அதான் சம்பந்தம்."

பொட்டு அழிக்கப்பட்டது. பொரியை அட்டெண்டரே தின்றார். அந்தக் கட்டடத்தில் அந்த மரத்திடம் ஏறக்குறைய முறையாக நடந்துகொண்ட ஒரே ஆள் அவர்தான் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

முதலாளி காலமான பிறகு இருப்புச் சரிபார்ப்பு நடந்தது. அவருடைய ரசீதுக் கட்டில் அந்த மரத்தை விற்ற கடைக்காரனின் கடிதம் கிடைத்தது. ஜூனி இனத்தவரின் மலைக்கோயில் ஒன்றிலிருந்து ஆளில்லா நேரத்தில் எடுத்து வந்தது, அதனால் அசல் என்பதற்குத் தான் பொறுப்பு என்று பெருமையாக எழுதியிருந்தான். திருட்டுக்கு உத்தரவாதச் சீட்டு கொடுத்த கடையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

யார் இந்த ஜூனிகள் என்று ஆறு மாதம் படித்தேன். அமெரிக்காவின் தென்மேற்கில், நியூ மெக்சிகோ மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், செம்மண் மேட்டு நிலத்தில் இருக்கிறார்கள். தங்களை ஆஷிவி என்று சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் மொழிக்கு வேறெந்த மொழியோடும் உறவு நிரூபணமாகவில்லை. ஊருக்குப் பக்கத்தில் தலை தட்டையான ஒரு மலை உண்டு. ஆபத்துக் காலங்களில் ஊரே அதன் மேல் ஏறித் தங்கியிருக்கிறது. வீடு பெண்ணுக்குச் சொந்தம். கல்யாணமான ஆண் மனைவி வீட்டுக்குப் போய் இருப்பான். சரிப்படாவிட்டால் அவன் சாமான்களை அவள் வாசலில் எடுத்து வைப்பாள். அவன் அவற்றைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு நடப்பான். வாய்தா கிடையாது, சமரச மையம் கிடையாது. அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்தேன்.

மழை குறைந்த ஊர். காய்கறிப் பாத்தியைச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் சுற்றிக் களிமண்ணில் குட்டி வரப்பு கட்டி, பெண்கள் குடத்து நீரைச் சுரைக்குடுக்கையால் ஊற்றுவார்கள். ஒரு சொட்டு வெளியே ஓடாது. மேடவாக்கம் வரை ரோட்டுக்கு நீர் பாய்ச்சிக்கொண்டே போகும் எங்கள் தண்ணீர் லாரிகளைப் பார்த்தால் அவர்கள் மயங்கி விழக்கூடும். மக்காச்சோளத்தை ஆறு நிறத்தில் விளைவித்தார்கள், திசைக்கு ஒரு நிறமாக. நான்கு திசை போக, மேலும் கீழும் அவர்களுக்குத் திசைகள். குளிர்காலத் தொடக்கத்தில் ஆளைப்போல ஒன்றரை மடங்கு உயரத்தில் தெய்வங்கள் ஊருக்குள் வருவார்கள். அவர்களை வரவேற்கச் சில குடும்பங்கள் வருடம் முழுக்க உழைத்து வீட்டைக் கட்டும், அல்லது புதுப்பிக்கும். அன்றைக்கு வந்தவருக்கெல்லாம் ஆட்டுக்கறியும் மக்காச்சோளமும் சேர்ந்து கொதித்த குழம்பு. வெளியார் பார்க்கலாம் என்று விட்ட காலத்திலும் படம் எடுக்கவோ வரையவோ அனுமதி இல்லை.

எங்களிடம் இருந்த மரம் அவர்களுடைய இரட்டைக் காவலர்களில் ஒருவர். சூரியனின் பிள்ளைகள். மூத்தவரை மான் குலத்தாரும் இளையவரைக் கரடிக் குலத்தாரும் குளிர்காலத்தில் செதுக்குவார்கள். மாவும் பிரார்த்தனையும் ஊட்டி, மலை மேல் திறந்த வெளியில் நிறுத்துவார்கள். அடுத்தவர் வந்ததும் பழையவரைப் பக்கத்திலேயே, தமக்கு முன்னால் வந்தவர்களோடு சாய்த்து வைப்பார்கள். அவர் அங்கேயே மழையிலும் பனியிலும் கரைந்து மண்ணாவார். மக்குவதுதான் அவருடைய கடைசி வேலை. அதைச் செய்ய விடாமல் எடுத்துப் போனால் அவருடைய சக்தி கட்டுமீறி, உலகத்தில் போரும் புயலும் வரும் என்பது அவர்கள் நம்பிக்கை. முடிச்சூர் வெள்ளத்துக்கு நான் அவரைக் காரணம் சொல்ல மாட்டேன். ஏரியில் மனை போட்டவர்களே அதற்குப் போதும்.

இதில் என் தொழிலுக்குப் பொருந்தியது ஒன்று. இரட்டையர்கள் ஊருக்கே சொந்தம். தனி ஆள் எவருக்கும், பூசாரிக்கும்கூட, விற்கவோ கொடுக்கவோ உரிமை கிடையாது. ஆகவே உலகத்தில் எந்த அலமாரியில் இருந்தாலும் அது களவுப் பொருள். பல ஆண்டுகளாக ஒவ்வோர் அருங்காட்சியகத்துக்கும் கடிதம் எழுதி, காத்திருந்து, மறுபடி எழுதி, ஒவ்வொன்றாகத் திரும்பப் பெற்று வருகிறார்கள். கூச்சல் இல்லை. கோப்பு மட்டுமே. எனக்கு அவர்களை மிகவும் பிடித்துப்போனது.

இரண்டு பக்கக் குறிப்பு எழுதிக் கோப்பில் வைத்தேன். முதல் பக்கம், இது என்ன. இரண்டாம் பக்கம், இதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இயக்குநர் கூப்பிட்டார். "என்னம்மா இது? நீங்க பதிவாளரா, நீதிபதியா?"

"பதிவாளர்தான் சார். பதிஞ்சிருக்கேன்."

"அத அங்க அனுப்பினா என்ன பண்ணுவாங்க தெரியுமா? வெட்ட வெளியில போட்டு மக்க விடுவாங்க!"

"அதையும் பதிஞ்சிருக்கேன் சார். ரெண்டாம் பக்கம், மூணாவது பத்தி."

இரண்டாம் பக்கத்தை என் கண் முன்னாலேயே கிழித்தார். அடுத்த வாரம் எனக்கு ஒரு மெமோ வந்தது. என் பொறுப்பில் உள்ள கோப்பில் ஒரு பக்கம் காணவில்லை, கடமை தவறிய அலட்சியம், விளக்கம் தருக. கிழித்தவரே கேட்கிறார். நான் கொடுத்த விளக்கம் 'ஏற்கத்தக்கதல்ல' என்று என் பணிப்பதிவேட்டில் ஏறியது. துணை இயக்குநர் பதவிக்கான நேர்காணலில் முதல் கேள்வியே அந்த அலட்சியத்தைப் பற்றித்தான். பதவி அவருடைய மைத்துனியின் கணவருக்குப் போனது. இரண்டு மாதம் கழித்து வழவழப்பான தாளில் இயக்குநர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். அட்டையில் பீடத்தின் மேல் நின்ற அந்த மரத்தின் தோளில் கை போட்டபடி அவர். உள்ளே என் குறிப்பின் முதல் பக்கம், முற்றுப்புள்ளி உட்பட, அவர் பெயரில். ஜூனிகள் யார் என்று தாம்பரத்துக்குச் சொன்ன அறிஞர் என்று அவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் அந்த விழாவில் தேநீர்க் கோப்பைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பதிவாளராகவே ஓய்வு பெற்றேன். அவரோ ஆயுட்கால கௌரவ இயக்குநர் ஆனார்.

போன வருடம் அட்டெண்டர் போன் செய்தார். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். ஆனால் தினமும் போய் வருவார், வீட்டில் மருமகளின் சீரியல் தாங்காமல். "மேடம், புச்சா ஒரு ஹால் கட்டிகினுக்கீறாங்க. ஏசி, கண்ணாடிப் பொட்டி. நடுவுல நம்ம ஆளுதான். ஹாலுக்கு சார் பேரு."

நான் அன்றைக்கே உட்கார்ந்து ஜூனி ஊரின் பாரம்பரியப் பொருள்களைக் கவனிக்கும் அலுவலகத்துக்கு எழுதினேன். மரம் எங்கே இருக்கிறது, யார் பொறுப்பில், எப்படி வந்தது. கடைக்காரனின் கடிதத்தின் நகலும் ஒரு புகைப்படமும் இணைத்தேன். பதில் வந்தது. நன்றி. அது எங்களுடையதுதான். நாங்கள் வந்து அழைத்துப்போக விரும்புகிறோம். தயவுசெய்து அந்தப் புகைப்படத்தை அழித்துவிடுங்கள், வேறு பிரதிகள் இருந்தால் அவற்றையும். அதற்கு இதுவரை பூசப்பட்ட மருந்துகளின் விவரம் இருந்தால் அனுப்புங்கள், நாங்கள் அதைக் கையால் தொட வேண்டும்.

புகைப்படத்தை அழித்தேன். நான் நகல் எடுத்து வைத்திருந்த மருந்து விவரம் பதினொரு பக்கம் போனது. தேதிவாரியாக. ஒவ்வொரு வரியிலும் 'இயக்குநரின் உத்தரவுப்படி'.

அவர்கள் கடிதத்தில் கோபத்தின் சாயலே இல்லை. எனக்கு அது ஏமாற்றமாக இருந்தது. அந்தக் குறையை நானே நிவர்த்தி செய்வதென்று முடிவு செய்தேன்.

முதலாளியின் மகள்தான் இப்போது அறக்கட்டளைத் தலைவர். மேடவாக்கத்தில் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறார். அறக்கட்டளைப் பத்திரத்தின் நகலோடு போனேன். பிறருக்கு உரிமையுள்ள பொருள் என்று தெரியவந்தால் உரியவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அதில் ஒரு விதி உண்டு. எனக்குத் தெரியும், அதைத் தட்டச்சு செய்தவள் நான்.

"அப்பா காசு குடுத்துதானே மேடம் வாங்கினார்?" என்றார்.

"குடுத்தார். வித்தவனுக்கு விக்கிற உரிமை இல்ல. உங்க மொட்டை மாடிய மூணாவது மாடிக்காரர் யாருக்காவது வித்துட்டா, வாங்கினவர் காசு குடுத்தாருன்னு விட்ருவீங்களா?"

அவர் முகம் மாறியது. "ஐயோ, அந்தாளு வித்தாலும் விப்பான். இப்பவே செல்போன் டவர் வெக்கப் போறேன்னு நிக்கறான்."

நான் காற்றில் விட்ட கல் எங்கேயோ சரியாகப் போய் விழுந்தது. அடுத்த கூட்டத்திலேயே ஒப்படைப்புத் தீர்மானம் வந்தது. சிறப்பு அழைப்பாளராக நானும் இருந்தேன். விதிப்படி ஏழு நாள் முன்னதாக அறிவிப்பு, அதற்கு ஒப்புகை, எல்லாம் கிரமமாக.

இயக்குநர் எழுந்து நின்றார். "நாப்பது வருஷம் ஒரு பூச்சி அண்ட விடலம்மா நான். என் பசங்களக்கூட இப்படிப் பாத்ததில்ல. அங்க போனா மக்கிடும்."

தலைவர் பத்திரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவங்க பொருள் சார். அவங்க மக்க விடறாங்க. நமக்கென்ன?"

"ஒரு நகலாவது செஞ்சு வெச்சுக்கலாமா? ஹால் திறக்கணும். அழைப்பிதழ் அடிச்சாச்சு."

"அவங்களக் கேளுங்க."

நான் கேட்கிறேன் என்று கையைத் தூக்கினேன். என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். வேறு நாடுகளிலும் இதே கேள்வி எழுந்திருக்கிறது, படித்திருந்தேன். பத்து நாளில் பதில் வந்தது. நகல் செய்ய வேண்டாம். எப்படிச் செய்வது என்ற அறிவு எங்களுடையது. யார் கை செதுக்கினாலும் அதுவும் எங்கள் சகோதரரே. ஏற்கெனவே செய்திருந்தால் அதையும் சேர்த்து ஒப்படையுங்கள்.

இந்தக் கடிதத்தின் நகலைத் தலைவருக்கு ஒன்று, இயக்குநருக்கு ஒன்று என்று பதிவுத்தபாலில், ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். இயக்குநர் என் கையெழுத்துள்ள உறையைப் பிரிப்பதில்லை. மெமோ காலத்திலிருந்தே அப்படி. கையெழுத்துப் போட்டு வாங்குவார், மேசை இழுப்பறையில் தள்ளுவார். அந்தப் பழக்கத்தை நான் ஒரு நாளும் கண்டித்ததில்லை.

இரண்டு வாரத்தில் அட்டெண்டர் போன். "மேடம், பல்லாவரத்துலருந்து ஒரு ஆசாரி வந்துகினு போய்கினு கீறார். கதவ சாத்திகினு அளவு எடுக்கறாங்க. வெளிய போகச்சொல்ல கையில தேக்குப் பலக."

நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஏற்றுமதிக்கு வேண்டிய காகிதங்களை மட்டும் தயார் செய்தேன். தொல்பொருள் இல்லை என்பதற்கு ஒரு சான்று, மரத்தில் பூச்சி இல்லை என்பதற்குத் தாவர நலச் சான்று, சூடேற்றிப் பதப்படுத்திய மரப்பெட்டி. பூச்சிப்புகை போடாமல் அனுப்ப இன்ன விதியின் கீழ் வழியுண்டு என்று அதிகாரிக்கு நானே விதியை எடுத்துக் காட்டினேன். 'பொருள்களின் எண்ணிக்கை' என்ற கட்டத்தில் இரண்டு என்று நிரப்பினேன்.

ஜூனியிலிருந்து இருவர் வந்தார்கள். ஒருவருக்கு எழுபது இருக்கும். நீலக்கல் பதித்த வெள்ளி மோதிரம், அதிகம் பேசாதவர். மற்றவர் நடுவயது, பேசுகிறவர். இயக்குநர் கோட்டு போட்டுக்கொண்டு வந்திருந்தார். மேசை மேல் வெள்ளைத் துணியில் மரம் தயாராகக் கிடந்தது. வெளிறி, விரிசலோடு, நான் கொடுத்த எண்ணோடு. பெட்டிக்குள் எடுத்து வைக்க அட்டெண்டர் குனிந்தார், தூக்கினார், உடனே கீழே வைத்தார்.

"மேடம், இது நம்ம ஆளு இல்ல."

"யோவ், சும்மா இருய்யா," என்றார் இயக்குநர்.

"முப்பது வருஷம் ஆயுதபூஜைக்குத் தூக்கினவன் சார் நானு. அவரு பஞ்சு மாறி இருப்பாரு. இது கருங்கல்லு கணக்கா கீது. டீத்தண்ணி வாசன வேற வருது."

பேரேட்டைத் திறந்து எடையை வாசித்தேன். தலைவர் தராசு கொண்டுவரச் சொன்னார். மூன்று மடங்கு. நகல் செய்கிறார் என்று எனக்குத் தெரியும். ஆனால் நகலைக் கொடுத்துவிட்டு அசலைப் பதுக்குவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவரைப் பற்றி வாழ்நாளில் நான் நல்லவிதமாக நினைத்தது அந்த ஒரு முறைதான், அதுவும் தப்பாகப் போனது.

"சார், ஒரிஜினல் எங்க?" என்றார் தலைவர்.

அட்டெண்டர் யாரையும் கேட்காமல் அவருடைய அறைக்குப் போனார். பீரோவுக்குப் பின்னாலிருந்து, புத்தக விழாவில் போர்த்திய பொன்னாடையில் சுற்றியிருந்த மரத்தை ஒரு கையில் எடுத்து வந்தார். ஜூனிப் பெரியவர் எழுந்து நின்றுவிட்டார்.

நடுவயதுக்காரர் தேக்கு மரத்தைக் காட்டி, மிகவும் தணிவாக, இரண்டையும் தாருங்கள் என்றார்.

"அது எங்களோடது!" இயக்குநர் கத்தினார். "பல்லாவரத்து ஆசாரி செஞ்சது! இந்த ஊர்த் தேக்கு! நானே அளவு எடுத்துக் குடுத்தேன்!"

"எதைப் பார்த்து அளவெடுத்தீர்கள்?" என்று கேட்டார் நடுவயதுக்காரர்.

இயக்குநர் என் பக்கம் திரும்பி, இப்படியொரு நிபந்தனை இருப்பதாகத் தன்னிடம் யாரும் சொல்லவில்லை என்றார். நான் ஒப்புகை அட்டையை மேசையில் வைத்தேன். கீழே அவருடைய கையெழுத்து, தேதியோடு. தலைவர் அவருடைய இழுப்பறையைத் திறக்கச் சொன்னார். என் உறை பிரிக்கப்படாமல் கிடந்தது. அதற்குக் கீழே இன்னும் ஆறு உறைகள், எல்லாம் நான் அனுப்பியவை.

ஒப்படைப்புப் படிவத்தில் 'பொருள் நிறுவனத்துக்கு வந்த விதம்' என்று ஒரு கட்டம். அதில் 'களவு' என்று நிரப்பி வைத்திருந்தேன். ஒப்படைப்பவர் இடத்தில் அவர் கையெழுத்திட வேண்டும். பேனாவை அந்தச் சொல்லின் மேல் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார். அதை நான் மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் அதை நான் மறைக்காமல் பார்த்தேன். அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை கண் இமைக்கவில்லை.

அதன் பிறகு விருந்தினர் எங்கள் எல்லாரையும் வெளியே இருக்கச் சொன்னார்கள். கதவு மூடியது. உள்ளே தாழ்ந்த குரலில் பேச்சு. யாரோ ஊருக்குப் புறப்படுகிறவரிடம் பேசுவது போல இருந்தது. அட்டெண்டர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றார். இயக்குநர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தண்ணீர் வேண்டுமா என்று நான் கேட்கவில்லை.

கதவு திறந்ததும் பெரியவர் நேராக இயக்குநரிடம் போய் அவர் கையைப் பிடித்தார். இத்தனை வருடம் அவருக்கு நீங்கள் கூரை கொடுத்தீர்கள், நன்றி என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்பது வருடம் மருந்து அடித்துச் சிறை வைத்தவனுக்கு நன்றி! எனக்கு எழுதிய நன்றியைவிட ஆறு சொல் அதிகம் வேறு.

ஜி.எஸ்.டி ரோட்டில் ஒரு மெஸ்ஸில் அவர்களுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன். பெரியவர் ரசத்தை இரண்டு முறை கேட்டு வாங்கினார். நான் வசிக்கும் வீடு யாருடையது என்று விசாரித்தார். என் பெயரில்தான் பத்திரம் என்றேன். "எங்கள் வீடு என் மனைவியுடையது. அதற்கு முன்னால் அவள் அம்மாவுடையது. நான் அங்கே இருக்கிறேன்," என்று சொல்லிச் சிரித்தார்.

உங்களுக்குக் கோபமே வராதா என்று கேட்டேன்.

"வரும். ஆனால் ஒருவரை வீட்டுக்கு அழைத்துப்போக வந்திருக்கிறேன். வழியெல்லாம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கோபமாக இருக்க முடியாது," என்றார் நடுவயதுக்காரர்.

எனக்கு அதில் உடன்பாடில்லை. முடியும். ஆபீஸ் போகும் பேருந்தில் எத்தனையோ வருடம் அப்படி இருந்திருக்கிறேன்.

மலையில் அவரை மற்றவர்களோடு சேர்த்து வைப்போம், மேலே கூரை கிடையாது, திருடர்களுக்காகச் சுற்றிலும் அடைப்பு மட்டும் உண்டு என்று அவரே தொடர்ந்தார். தேக்குச் சகோதரரும் கூடவே நிற்பார்.

"முழுசா மக்க எத்தனை வருஷம் ஆகும்?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். "உங்களுக்கு அவசரமா?"

நான் மோரை ஊற்றிக்கொண்டேன். எண்ணெய் அதிகம் குடித்திருக்கிறார், கொஞ்சம் தாமதமாகும் என்றார் அவர். அந்த எண்ணெய்க்காகவும் இயக்குநரை மனத்துக்குள் திட்டினேன்.

புது ஹால் திறக்கப்படவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் இப்போது சுவிஸ் கடிகாரத்தை வைத்திருக்கிறார்களாம். இயக்குநர் ராஜினாமா செய்தார். என் பணிப்பதிவேட்டில் இருந்த அலட்சியக் குறிப்பை நீக்கித் தலைவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். நான் கேட்காமல் இல்லை, மூன்று முறை எழுதிக் கேட்டேன்.

இந்தக் கார்த்திகையில், மழை விட்டிருந்த ஒரு காலை, இயக்குநர் போன் செய்தார். நான் ஓய்வு பெற்ற பிறகு அவர் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. குரல் மெலிந்திருந்தது.

"என்னம்மா, நல்லாருக்கீங்களா?"

"இருக்கேன் சார்."

"அங்க இப்ப குளிர்காலம்ல?"

"ஆமா சார்."

"பனி விழுமா?"

சும்மா இருந்திருக்கலாம். தெரியாது என்றும் சொல்லியிருக்கலாம். என் போனில் அந்த ஊரின் வானிலையைச் சேமித்து வைத்திருக்கிறேன். காலையில் காபி கலக்குவதற்கும் தாம்பரத்துக்கு மழையா என்று பார்ப்பதற்கும் முன்னால் அதைத்தான் பார்க்கிறேன். எடுத்துப் பார்த்தேன்.

"விழுது சார். ராத்திரி எல்லாம் உறைபனி. பகல்ல நல்ல வெயில். உறைஞ்சு, உருகி, மறுபடி உறையும். அப்படின்னா மரத்துல விரிசல் நல்லா விடும்."

அவர் மூச்சுவிடுவது கேட்டது.

"எண்ணெய் போட்டிருக்கே," என்றார்.

"பனிக்கு எண்ணெய் தாங்காது சார்."

அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அவர் போனை வைத்துவிட்டார். நான் போனை மேசையில் வைக்காமல் அந்த வாரத்தின் மற்ற நாட்களையும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை வரை பனி போட்டிருந்தது.